மூன்று கட்டுப் பேப்பரும் ஒரு வாசகரும்

1

நான் ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு பத்தொன்பது வருடம் ஆகிறது. வடக்கே ஒரு நடுத்தர ஊர். மழைக்கும் சைக்கிளுக்கும் படிவங்களுக்கும் குறைவில்லை. வருட நிறைவுக்கு நான் கேக் எதுவும் வெட்டவில்லை. அலுவலகத்தில் ஒரு திருத்தப் படிவத்தைக் கையில் கொடுத்து, "ஊருக்குப் போய் உங்கள் அண்ணனிடம் புதிதாகக் கையெழுத்து வாங்கி வாருங்கள்" என்று அனுப்பி வைத்தார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு இங்கே ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை. செய்தித்தாள்களையும் அவற்றைப் படிக்கிறவர்களையும் நாடு விட்டு நாடு ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் தொழில். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இதைச் சொன்னபோது, அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: "ஏனம்மிணி, ஒருத்தரு பேப்பர் படிக்கறதப் பாக்கறதுக்கு இன்னொருத்தரா?" எங்கள் நிலையத்தின் பணியை அதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

இந்த முறை ஒப்பிட எடுத்துக்கொண்டவை இரண்டு இடங்கள். ஒன்று நான் வசிக்கும் ஊர். இன்னொன்று சேலம், நாமக்கல் பக்கம். ஏன் நாமக்கல் என்பதற்கு விண்ணப்பத்தில் பத்துப் பக்கம் காரணம் எழுதினோம். சமவெளி என்றோம், சிறுதொழில் என்றோம், வட்டாரச் செய்தி என்றோம். நிஜக் காரணம் நான் அந்த ஊர்க்காரி என்பது மட்டும்தான். மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டாம், வழி கேட்க வேண்டாம், தங்க அண்ணன் வீடு இருக்கிறது. ஆராய்ச்சி பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. பிறகு அதற்கு நல்ல உடுப்புப் போட்டு விடுகிறோம்.

எனக்கு இதில் சொந்தமாக ஓர் உள்நோக்கம் இருந்தது. இந்த ஞாயிறு இணைப்பில் ஆறு வருடமாக எழுதி வருகிறேன். எங்கெங்கிருந்தோ கடிதம் வருகிறது. ஆத்தூரில் ஒருவர் என் கட்டுரைகளை வெட்டி ஒட்டி நோட்டுப் போட்டிருப்பதாக எழுதினார். என் அண்ணன் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த நாளிதழ் அவர் வீட்டுக்கு வருகிறது. இணைப்பும் அதற்குள் மடித்தே வருகிறது. அவர் படிக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். ஊரெல்லாம் படித்தாலும் அண்ணன் படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கேள்வித்தாள் ஒன்றை அவர் கையில் கொடுத்து விட்டால் பதில் தானாக வந்து சேரும் என்று கணக்குப் போட்டேன்.

2

கேள்வித்தாளை ஜெர்மன் மொழியில் எழுதினார்கள். அதைத் தமிழாக்க நான் இருக்கிறேன் என்றேன். ஆய்வாளரே மொழிபெயர்த்தால் நடுநிலை கெட்டு விடுமாம். அதனால் வேறெங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். வந்து சேர்ந்த தமிழைப் பார்த்தபோது, நடுநிலை என்றால் யாருக்கும் புரியாமல் இருப்பது என்று விளங்கியது. "உங்கள் இல்லத்தினுள் வாரமொன்றுக்கு நுழையும் செய்தித்தாள்களின் எண்ணிக்கை யாது?" இது ஒரு கேள்வி. நுழைகிறதாம், பாம்பு மாதிரி.

அதற்கு முன்னால் ஏழு பக்க ஒப்புதல் படிவம். "தரவளிப்பவர் தன் தரவின் மீதான உரிமையைத் துறக்கவில்லை" என்று அதில் ஒரு வரி. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்த வரியில் விரலை வைத்து, "எதைத் துறக்கோணுமுங்க? தோட்டத்தையா?" என்றார். துறக்க வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறது என்றேன். "வேண்டாங்கறதுக்கு எதுக்குங்க கையெழுத்து?" என்று கேட்டு விட்டு எழுந்து போனார். குமாரபாளையத்தில் இதற்கு நேர் எதிர். விசைத்தறிக்காரர்கள் நல்ல காரியம் ஏதோ நடக்கப் போகிறது என்று நினைத்து, கேட்காமலேயே குடும்ப அட்டை நகலைப் பின்னால் குத்திக் கொடுத்தார்கள். அந்த நகல்களைத் தனியுரிமைச் சட்டப்படி அழிக்க வேண்டும் என்று எங்கள் அலுவலகம் இரண்டு கூட்டம் போட்டது.

படிவத்தைப் பார்த்து மிரள்கிறவர்களைக் கண்டு சிரிக்கும் தகுதி எனக்கும் கிடையாது. அப்பா இறந்தபோது என் வசிப்பு அட்டை புதுப்பிப்புக்காக அலுவலகத்தில் இருந்தது. அட்டை இல்லாமல் போனால் திரும்பி வர முடியாது. முகப்பில் இருந்த பெண்ணிடம் அப்பா இறந்து விட்டார் என்று சொன்னேன். அவர் வருத்தம் தெரிவித்தார். பிறகு, இறப்புச் சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும் வந்தால் அவசர வரிசையில் சேர்க்கலாம் என்றார். அடக்கம் முடிந்து பதினைந்தாம் நாள் சான்றிதழ் வந்தது. பதினாறாம் நாள் அட்டையும் வந்து விட்டது. நான் போகவில்லை. எழுதினேன். அப்பாவைப் பற்றி, இந்தப் பக்கத்தில்தான், எட்டு வாரம்.

3

படிவங்கள் எல்லாம் வந்து, கணினியில் ஏறி, ஒருநாள் எங்கள் பேராசிரியர் என் அறைக்கு ஓடி வந்தார். ஓடி என்றால் நிஜமாகவே ஓடி. உயரமான மனிதர், எதற்கும் அசராதவர்.

"உங்கள் ஊரில் கோழி வளர்ப்பவர்கள் உலகத்திலேயே பெரிய வாசகர்கள்!" என்றார்.

திரையைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. எங்கள் ஜெர்மன் ஊரில் வீட்டுக்கு வாரம் ஆறு பேப்பர் வருகிறது. நாமக்கல் கோழிப்பண்ணை வீடுகளில் வாரம் நூற்றுக்கணக்கில். ஆங்கிலப் பேப்பர் வேறு அதில் பாதி. இருமொழி வாசிப்பு என்று பேராசிரியர் குறித்துக்கொண்டார். உழவர், ஜனநாயகம், அச்சு என்று அவர் வாயில் பெரிய பெரிய சொற்களாக வந்தன. ஒரு வாரத்தில் மூன்று இடத்தில் உரை நிகழ்த்தி விட்டார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதாகவும் சொன்னார்கள்.

எனக்கு அப்போதே விஷயம் புரிந்து விட்டது. எங்கள் பக்கம் ஒருநாள் வயதுக் குஞ்சுகளை இறக்கும்போது, தரையில் உமியைக் கொட்டி, அதன் மேல் பழைய பேப்பரை அடுக்கடுக்காக விரிப்பார்கள். குஞ்சுக்கு எது உமி எது தீனி என்று தெரியாது. பேப்பர் மேல் மக்காச்சோள நொய்யைத் தூவினால் கொத்தித் தின்னப் பழகிக்கொள்ளும். தினம் ஓர் அடுக்கை எச்சத்தோடு சுருட்டி எடுத்து விடுவார்கள். பழைய பேப்பர் கட்டுக் கட்டாக வண்டியில் வரும். வீட்டுக்குள் எத்தனை பேப்பர் நுழைகிறது என்று கேட்டால், நாணயமான கோழிப்பண்ணைக்காரர் என்ன எழுதுவார்?

கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் அண்ணன் "மூன்று கட்டு" என்று எழுதியிருந்தார். கட்டு என்றால் எத்தனை என்று ஜெர்மனியிலிருந்து ஒரு மாணவன் மின்னஞ்சல் போட்டிருக்கிறான். அண்ணன் வேலையை விட்டு விட்டு ஒரு கட்டைப் பிரித்து எண்ணிப் பதில் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு மனிதர்.

இந்த ஜெர்மன் ஊர்க்காரர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? வாரம் ஆறு பேப்பர் என்று எழுதிய வீடுகளுக்கு நான் நேரில் போயிருக்கிறேன். ஒரு வீட்டில் உருளைக்கிழங்குத் தோல் அதன் மேல் கிடந்தது. ஒரு வீட்டில் அதைக் கொண்டு ஜன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். அவர்களும் வாசகர்கள்தான். குஞ்சுகளாவது பேப்பர் மேல் பார்வையைச் செலுத்துகின்றன.

4

பேராசிரியரின் ஆனந்தத்தைவிட என்னைக் குத்தியது அண்ணனின் படிவத்தில் வேறொரு வரி. "நீங்கள் விடாமல் படித்து வரும் எழுத்தாளர் அல்லது பகுதி ஏதேனும் உண்டா?" இந்தக் கேள்வியைச் சேர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அண்ணன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: "இல்லை."

கட்டைப் பிரித்து எண்ணிப் பார்த்த மனிதர் இதற்கு யோசிக்கவே இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. பத்தாவதோடு நிறுத்தி விட்டுக் கோழிக்குத் தீனி வைக்கப் போனவருக்கு என் எழுத்தின் அருமை என்ன தெரியும் என்று மனதுக்குள் பொருமினேன். ஆறாம் வகுப்பிலிருந்தே என்னை விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அவர் வீட்டில் இருந்தார். வாசிப்பு எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது, அண்ணனுக்கு வரவில்லை என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

அப்பாவைப் பற்றி எழுதிய எட்டு வாரத்தைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். விடுமுறைக்கு நான் வந்தால், காலையில் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். எனக்கு உலகச் செய்தியெல்லாம் சொல்வார். பேப்பரை லேசாகப் பார்த்து விட்டு, மீதியை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார். அவ்வளவு ஞாபக சக்தி என்று எழுதினேன். பேப்பரை வரி விடாமல் மேய்ந்து விடுவார் என்று எழுதினேன். இந்த நிலையத்தில் வேலைக்கு நேர்காணல் நடந்தபோதும் அதைத்தான் சொன்னேன், "என் தகப்பனார்தான் நான் பார்த்த முதல் வாசகர்" என்று. தலையாட்டிக் கேட்டார்கள். வேலையும் கிடைத்தது.

என் மகனுக்குப் பதினேழு வயது. தமிழ்ப் பேச்சு பாதி புரியும், எழுத்து சுத்தமாகத் தெரியாது. அந்த எட்டு வாரத்தில் ஒன்றை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்து விட்டு, "தாத்தா பேப்பர் தின்பாரா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டான். இல்லை, படிப்பார் என்றேன். "ஓ" என்று சொல்லி விட்டுத் தன் அறைக்குப் போய் விட்டான். தாத்தாவைப் பற்றி அவன் கடைசியாகக் கேட்ட கேள்வி அதுதான்.

5

குஞ்சு, உமி, பேப்பர் விவகாரத்தைப் பேராசிரியரிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் என்பதும் ஒரு காரணம். நான் சொல்லி முடித்ததும் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு, அறிக்கையிலிருந்து அந்த எண்களை எடுப்பதானால் பதிலளித்தவர்களில் ஒருவராவது கைப்பட எழுதித் தந்த திருத்தம் வேண்டும் என்றார். தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்கிறேனே என்றேன். விதியில் இடமில்லையாம். மூன்று உரை நிகழ்த்த விதியில் இடம் இருந்தது.

அப்படித்தான் இந்த முறை ஊருக்குப் போனேன். போய் இறங்கியதும் அண்ணன் வீட்டுக் கதவருகே இருந்த பாத்திரத்தைத் தட்டி விட்டு "மன்னிக்கவும்" என்றேன். "பஸ் ஸ்டேண்டுல அறிவிப்புச் சொல்றாப்பலயே பேசறயே" என்று அண்ணி சிரித்தார். பத்தொன்பது வருடத்தில் நான் சேர்த்தது இந்த ஒரு சொல்தான். அண்ணன் கொட்டகையில் இருக்கிறார், புதுக் குஞ்சு இறங்கியிருக்கிறது என்றார்.

செருப்பைக் கழற்றி, வாசலில் வைத்திருந்த கிருமி மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து விட்டு உள்ளே போனேன். விளக்குகளின் சூட்டில் மஞ்சளாகக் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. அண்ணன் குனிந்து பேப்பர் விரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆங்கிலப் பேப்பர் கட்டு ஒன்று பிரிந்து கிடந்தது.

"வா சாமி. காலை நனைச்சயா?"

"நனைச்சேங்கண்ணா. இங்கிலீஷ் பேப்பரா விரிக்கறீங்க?"

"அதுதான் கசங்காம வருது. சேலத்துல வாங்கறவங்க பிரிக்கறதே இல்லையாட்டம் இருக்குது."

படிவத்தை எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையில் இருந்த தாளை உமி மேல் நீவி விட்டு நிமிர்ந்தார்.

"ஊட்டுக்குள்ள எத்தன பேப்பர் வருதுன்னு கேட்டீங்க. சொன்னேன். எண்ணிச் சொன்னேன். அதுல என்ன தப்பு?"

"தப்பில்லீங்கண்ணா. எத்தன பேப்பர் படிக்கறீங்கன்னுதான் தெரியோணும்."

"அத யாரு கேட்டா? ஏழு பக்கம் கையெழுத்து வாங்குனீங்க. எத்தன படிக்கறயின்னு ஒரு எடத்துலயாவது கேட்டிருக்குதா?"

நான் கேள்வித்தாளைப் புரட்டிப் பார்த்தேன். எத்தனை வருகிறது, யார் வாங்குவது, எந்த மொழி, எவ்வளவு காலமாக. இரண்டு நாட்டு அறிவாளிகள் மூன்று வருடம் உட்கார்ந்து செய்தது அது. எத்தனை படிக்கிறீர்கள் என்று எங்கும் இல்லை.

அண்ணன் என் பேனாவை வாங்கி, திருத்தப் படிவத்தில் "ஒன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேட்டால் இப்போது கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"அந்த ஒண்ணுல ஞாயித்துக்கெழம நான் எழுதறது வருது. படிக்கறீங்களாண்ணா?"

அவர் குனிந்து ஒரு பிடி நொய்யை எடுத்துத் தூவினார். குஞ்சுகள் ஓடி வந்தன.

"படிக்காம? வாராவாரம் படிக்கறேன்."

"படிவத்துல இல்லைன்னு எழுதியிருக்கறீங்க."

"ஆமான்னு எழுதுனா, எப்படி இருக்குதுன்னு கேப்ப. கேட்டாச் சொல்லோணும்."

"சொல்லுங்க. நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் எழுதற. அப்பனப் பத்தி எழுதுனதுதான்…" அவர் வாசலைப் பார்த்தார். அண்ணி வரவில்லை. "அம்மிணி, அப்பனுக்கு எழுத்துத் தெரியாது."

அப்பா என் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுவாரே என்றேன்.

"கையெழுத்து நான் பழக்கி உட்டது. அது மட்டுந்தான். நீ லீவுக்கு வந்தயின்னா, நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி என்னை எழுப்பி உட்ருவாரு. நான் படிச்சுச் சொல்லுவேன். படம் இருக்கற பக்கமா மடிச்சுக் குடுப்பேன். அந்தப் படத்தப் பாத்து, இது இந்தச் சேதின்னு உனக்குச் சொல்லுவாரு. புள்ள பெரிய பள்ளிக்கூடத்துல படிக்குது, அப்பன் தற்குறின்னு தெரிஞ்சாக் கூசிப் போவான்னாரு. சாகறப்பக்கூடச் சொல்லாதன்னாரு."

அப்பாவின் ஞாபக சக்தியைப் பற்றி நான் எழுதியதை இந்த மாவட்டமே படித்திருக்கிறது. எழுத்துத் தெரியாத ஒரு மனிதர், வருடக்கணக்கில், நான் கண் விழிப்பதற்கு முன் பாடம் கேட்டு, எனக்காக ஒப்பித்திருக்கிறார். அதைப் படித்துக் காட்டிய வாசகர் பத்தாவதோடு நின்றவர். நான் எட்டு வாரம் எழுதினேன், எட்டு வாரமும் அவர் படித்தார். ஊரில் யாராவது "உங்கப்பா அப்படிப் படிப்பாராமே" என்று கேட்டிருப்பார்கள். அவர் ஆமாங்க என்று சொல்லியிருப்பார். வாசகர்களை அளக்கிற வேலையில் நான் அண்ணனை வாசிக்காதவர் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தேன். என்மேல் எனக்கு வந்த அருவருப்புக்கு அளவில்லை.

அழுதேன். குஞ்சுகளின் சத்தத்தில் அது பெரிதாகத் தெரிந்திருக்காது. அண்ணன் கடைசித் தாளை விரித்து முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதையும் எழுதீருவயா?"

வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அப்பாவின் மானம் அவர் கையில்தான் இத்தனை நாள் இருந்தது.

"எழுது," என்றார். "அவரு தெரியாம இருந்தது ஒண்ணும் கேவலமில்ல. ஆனா இந்தவாட்டியாவது என்னக் கேட்டுட்டு எழுது."

இதை அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் அவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார், அப்பா கண்ணாடி மாட்டிக்கொள்ளும் இடத்தில். அந்த வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.